மூவாருக்குப் போய்த் தளவாடம் வாங்குவது எப்படி: தோட்டப் பட்டணத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூரில் சிகாமட், லாபிஸ், ஜெமெந்தா பக்கத்தில் தோட்ட லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் சோபா, கட்டில், அலமாரி என்று பேச்செடுத்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "மூவாருக்குப் போ, பாதி விலை." பாதி விலை எப்போதாவது கிடைக்கும். கால்வாசி குறைவது சாதாரணம். ஒன்றுமே மிச்சமாகாமல், ஒரு நாள் சம்பளமும் லோரி வாடகையும் போனதுதான் கணக்கு என்று திரும்புகிறவர்களும் உண்டு. சாமான் ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்காமல் வாங்கியதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். மலிவுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தால் வாங்கலாம்.

மூவாரைத் தளவாட நகரம் என்பது சும்மா இல்லை. மலேசியாவிலிருந்து வெளிநாடு போகும் மரத் தளவாடத்தில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் செய்யப்படுகிறது. புக்கிட் பாசிர், புக்கிட் பக்ரி பக்கம் போனால் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் முன்புறத்திலேயே காட்சிக்கூடம் இருக்கும். மரம் பெரும்பாலும் ரப்பர் மரம். 25, 30 வருடம் பால் வெட்டி, பால் குறைந்ததும் மறுநடவுக்காகச் சாய்க்கும் அதே மரம்தான். ஒரு காலத்தில் விறகாகவும் புகைக்கூண்டுக்கு எரிபொருளாகவும் போனது. இப்போது சாப்பாட்டு மேசையாகத் திரும்பி வருகிறது. இந்த மரத்தின் குணம் நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். வெட்டிப் போட்ட கட்டை சில நாளில் நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும். மாவுச்சத்து அதிகம் என்பதே காரணம். அதனால்தான் ஆலையில் பலகையாக அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். இந்த வேலை சரியாக நடந்த மரம் பல வருடம் உழைக்கும். நடக்காத மரம் எப்படி இருக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

போவதற்கு முன்: கணக்கு

சிகாமட்டிலிருந்து ஜெமெந்தா, சாகில், தங்காக் வழியாக மூவார் சுமார் 80 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லாபிஸ்காரர்களுக்கு இன்னும் அரை மணி கூடும். ஒரே ஒரு சாமானுக்காக இந்தப் பயணம் கட்டாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பட்டணத்துக் கடையில் ஒரு சோபா 2,400 வெள்ளி (ரிங்கிட்), அங்கே 1,750 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 650. லோரிக்கு 350, பெட்ரோலும் சாப்பாடும் 80 என்றால் கையில் நிற்பது 220. அதே நடையில் 400 வெள்ளி மலிவாக ஓர் அலமாரியும், 300 வெள்ளி மலிவாக ஒரு மேசை செட்டும் ஏறினால் வித்தியாசம் 1,350. லோரி அதே லோரிதான். மிச்சம் 920. ஆகையால் மூன்று சாமானாவது சேரும்வரை காத்திருங்கள், அல்லது அதே தாமானில் வீடு மாறும் இன்னொரு குடும்பத்தோடு லோரியைப் பங்கு போடுங்கள்.

இந்தக் கணக்குக்கு முதலில் உள்ளூர் விலை தெரிய வேண்டும். பட்டணத்துக் கடையில் ஒரு மணி நேரம் செலவிட்டு, பிடித்த சாமானின் அளவு, பலகை வகை, விலை, வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி, பொருத்தும் கூலி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடைக்காரர் பெரும்பாலும் இந்த இரண்டு கூலியையும் விலைக்குள்ளேயே வைத்திருப்பார். பிறகு ஒரு கதவுப் பிடி கழன்றால் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்புவார். மூவாரிலிருந்து யாரும் ஒரு பிடிக்காக வரமாட்டார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு.

வீட்டை அளப்பது

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அறையை அளந்துகொண்டு போவார்கள், வழியை அளக்கமாட்டார்கள். சாமான் அறைக்குள் அடங்கும், வாசலைத் தாண்டாது.

வெளிக் கிரில்லிலிருந்து தொடங்குங்கள். தாமான் வீடுகளில் மடக்குக் கிரில்லை முழுக்கத் தள்ளினாலும், மடங்கிய கம்பிகள் ஒரு பக்கம் ஓரடியைத் தின்றுவிடும். கதவு மூன்றடி என்பார்கள். கதவைத் திறந்து வைத்தால் பலகையின் கனமும் கீலும் போக உள்ளளவு இரண்டே முக்கால் அடிதான் நிற்கும். அந்த உள்ளளவைத்தான் எழுத வேண்டும். பிறகு நடையில் திரும்பும் இடம், படுக்கையறைக் கதவு, மாடி வீடானால் படிக்கட்டுத் திருப்பம். இவற்றில் எது மிகக் குறுகலோ அதுதான் உங்கள் வீட்டின் அளவு. அந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிடுங்கள்.

உயரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அலமாரியைப் படுக்கவைத்துப் பொருத்தி, பிறகு நிமிர்த்துவார்கள். நிமிர்த்தும்போது தேவைப்படுவது அலமாரியின் உயரம் இல்லை, மூலைக்கு மூலை நீளம். எட்டடி (244 செ.மீ.) உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியை நிமிர்த்த 251 செ.மீ.க்குச் சற்று மேல் கூரை உயரம் வேண்டும். கூரை 249 செ.மீ. என்றால், உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மிச்சமிருந்தும் அது நிமிராது. இப்படிப்பட்ட அறைக்கு, நிற்கவைத்தே பொருத்தக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். காற்றாடியின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தும் வழியில் அது நிற்கக்கூடாது.

சாமான் நிற்கும் இடத்தைத் தரையில் பழைய நாளிதழ் விரித்துப் பாருங்கள். ஆறு பேர் மேசைக்குச் சுமார் 150க்கு 90 செ.மீ. விரித்துவிட்டு, நான்கு பக்கமும் 75 செ.மீ. விட்டால்தான் நாற்காலியை இழுத்து எழுந்திருக்க முடியும். விரித்த நாளிதழ்மேல் ஒரு நாள் வீட்டில் நடந்து பார்த்தாலே போதும். எட்டுப் பேர் மேசை ஆசை தானாக அடங்கும்.

எந்த நாள் போவது

ஜொகூரில் 2014 முதல் 2024 கடைசிவரை வாரவிடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. கதவில் ஒட்டிய பழைய நேரப் பலகையையும் இணையத்தில் கிடக்கும் பழைய நேரத்தையும் நம்பாதீர்கள், போனில் கேளுங்கள். கடை திறந்திருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. பின்னால் உள்ள கிடங்கில் ஆள் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். கிடங்கு மூடியிருக்கும் நாளில் போனால் காட்சிக்கு வைத்ததைத்தான் பார்க்கலாம், உங்களுக்கு ஏற்றப்போகும் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது.

வார நாளின் காலை பத்து மணிதான் நல்ல நேரம். சீனப் பெருநாளை ஒட்டித் தொழிற்சாலைகள் பல நாள் மூடியிருக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பே போய்விடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் லோரியும் கிடைக்காது, பேரமும் படியாது. கோலாலம்பூரில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் அனைத்துலகத் தளவாடக் கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு சோபா வாங்கலாம் என்று கிளம்பாதீர்கள். அது கொள்கலன் கணக்கில் வாங்கும் வணிகர்களுக்கானது.

கையில் எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. அளவு நாடா, வீட்டு அளவு எழுதிய தாள், டார்ச், ஒட்டுத்தாள் சுருள், மார்க்கர் பேனா. அலென் சாவியில் 4, 5 மி.மீ. அளவுகள் இருந்தால் நல்லது.

"இனி கெனாப்பா மூரா, தவுக்கே?"

உள்ளே நுழைந்ததும் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) விலை கேட்காதீர்கள். இது ஏன் மலிவு என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு பதிலில் ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு.

"டிஸ்ப்ளே செட்" என்றால் காட்சிக்கு வைத்தது. பல பேர் உட்கார்ந்து பார்த்த சோபா, ஆயிரம் முறை திறந்து மூடிய அலமாரி. மரச்சட்டம் போட்ட சோபாவும் மேசையும் இப்படி வாங்குவதில் பெரிய கெடுதல் இல்லை. சிப்போர்ட் அலமாரியை மட்டும் யோசித்து வாங்குங்கள். தூள் அழுத்திய பலகையில் ஸ்குரூ ஒருமுறைதான் நன்றாகப் பிடிக்கும். கடையில் ஒருமுறை பொருத்தி, கழற்றி, உங்கள் வீட்டில் மறுபடி பொருத்தினால் ஓட்டை தளர்ந்துவிடும். ஆறு மாதத்தில் கதவு சாயும். கழற்றாமல் முழுசாகக் கொண்டுவர முடிந்தால் வாங்கலாம். மெத்தையை மட்டும் எந்தக் காலத்திலும் காட்சிச் சரக்கில் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சிக்குத் தள்ளுபடி கிடையாது.

"ஸ்டாக் லாமா" என்றால் பழைய சரக்கு, நின்றுபோன மாடல். பொருளில் குறை இருக்காது, ஆனால் கிடங்கில் ஈரம் பட்டிருக்கலாம். பின்பக்கப் பலகையை மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் விடுங்கள். நாற்காலி ஒன்று உடைந்தால் பிறகு அதே மாதிரி கிடைக்காது என்பதையும் யோசியுங்கள். ஆறு வாங்கும் இடத்தில் எட்டாகக் கேட்டால் கடைசி இரண்டையும் தள்ளிவிடவே தவுக்கே விரும்புவார்.

"லெபே எக்ஸ்போட்" என்றால் ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சியது. தரம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அளவுதான் சிக்கல். கட்டிலில் இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. நம் நாட்டுக் குயின் மெத்தை 152க்கு 190 செ.மீ., கிங் 183க்கு 190. அமெரிக்காவுக்குச் செய்யும் குயின் கட்டில் 152க்கு 203, கிங் 193க்கு 203. அகலம் பொருந்தினாலும் கால்மாட்டில் 13 செ.மீ. பள்ளம் நிற்கும். பிரிட்டன் அளவு இன்னொரு மாதிரி: அவர்கள் கிங் என்பது 150க்கு 200, நம் குயினுக்குப் பக்கம். ஐக்கியா கடைகளிலும் மெத்தையின் நீளம் 200 செ.மீ. ஆகவே "குயின்" என்ற சொல்லை நம்பாமல் கட்டிலின் உள்ளளவை நாடா பிடித்துப் பாருங்கள். நீள மெத்தையும் சேர்த்தே வாங்குவதென்றால் அதன் விலையைக் கூட்டி, அப்போதும் மலிவுதானா என்று பாருங்கள்.

நான்காவது, "ஆடா சாச்சாட் செடிக்கிட்". கொஞ்சம் பழுது இருக்கிறது. இதற்குத்தான் நிதானம் வேண்டும்.

பழுதுச் சரக்கைப் பார்ப்பது

ஏற்றுமதியில் தள்ளப்பட்ட ஒரு சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொள்வோம். ஆலையில் தள்ளியதற்குக் காரணம் பல சமயம் வர்ணம்தான். ஒரு காலின் சாயல் மற்ற மூன்றோடு ஒத்துவராது, விளிம்பில் வார்னிஷ் வழிந்திருக்கும், மேற்பலகையில் ஒரு கீறல். இவற்றோடு வாழலாம். மேசை விரிப்பு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. சில சமயம் தள்ளியதன் காரணம் மரத்துக்குள்ளே இருக்கும்.

மேலே பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். குனிந்து மேசைக்கு அடியில் டார்ச் அடியுங்கள். அடிப்பக்கத்துக்கு வர்ணம் பூசமாட்டார்கள், மெல்லிய ஒரு பூச்சோடு விட்டுவிடுவார்கள். அதனால் மரம் அங்கேதான் உண்மை பேசும். சிறு சிறு துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்து ஒட்டிய பலகை தெரியும். அது குறை இல்லை. ரப்பர் மரம் நீளமாகக் கிடைக்காததால் அப்படித்தான் செய்வார்கள். அந்தப் பல் இணைப்பில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் சரி, சிக்கினால் பசை விட்டிருக்கிறது. அடுத்து, குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேசையின் சட்டத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, கீழே வெள்ளைத் தாள் பிடியுங்கள். கோதுமை மாவு மாதிரி மெல்லிய தூள் விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. விலை என்னவாக இருந்தாலும் அதை லோரியில் ஏற்றாதீர்கள், வீட்டில் உள்ள மற்ற மரத்துக்கும் தாவலாம். நீலக் கறை வேறு. அது பூஞ்சை விட்டுப்போன சாயம். காய்ந்த மரத்தில் அழகுதான் கெடும், பலம் அநேகமாக அப்படியே இருக்கும்.

பிறகு மேசையை நான்கு காலில் நிறுத்தி, எதிர் மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் இடத்தை மாற்றி மறுபடி பாருங்கள். கிடங்குத் தரையும் கோணலாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் அதே மூலை ஆடினால் கால் குட்டையாக இருக்கும், இல்லை பலகை முறுக்கியிருக்கும். கால் குட்டையென்றால் ஒரு ரப்பர் வட்டு போதும். முறுக்கிய பலகைக்கு வைத்தியம் இல்லை. எது என்று தெரிய, மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து எதிர் விளிம்பைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோட்டில் படிய வேண்டும்.

சோபாவுக்கு வேறு சோதனை. முன்கால் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் தூக்குங்கள். பக்கத்து முன்காலும் சேர்ந்து எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நிற்க, தூக்கிய மூலை மட்டும் வளைந்து வந்தால் சட்டம் தளர்வு. அடியில் கறுப்புத் துணியை ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள். தவுக்கேயிடம் கேட்டு ஒரு மூலையை நீக்கிப் பாருங்கள். ஒட்டுப்பலகையும் முழு மரமும் இருந்தால் நல்லது. வெறும் சிப்போர்டும் பெட்டி உடைத்த பலகையும் தெரிந்தால் புன்னகையோடு மூடிவிடுங்கள். "ஹாஃப் லெதர்" என்றால் உட்காரும் இடமும் சாயும் இடமும்தான் தோல், பக்கமும் பின்புறமும் பிளாஸ்டிக் துணி. மலிவு பி.யூ. (செயற்கை) தோல் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். எண்ணெய்த் தலை சாயும் இடத்தில் இன்னும் சீக்கிரம். துணி சோபாவே மேல், உறையைக் கழற்றித் துவைக்கும்படி ஜிப் இருந்தால்.

எல் வடிவ சோபாவில் இடது, வலது குழப்பம் தீராத தலைவலி. சிலர் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைச் சொல்வார்கள், சிலர் எதிரே நின்று பார்ப்பவர் பக்கத்தை. வாயால் சொல்லாமல் ரசீதில் படம் வரைந்து, டிவி இருக்கும் இடத்தையும் குறித்துவிடுங்கள்.

அலமாரியில் மூன்று இடம் பார்த்தால் போதும். பலகையின் கனம் 15, 16 மில்லிமீட்டராவது இருக்கட்டும். விளிம்பு நாடா எங்கேயாவது தூக்கியிருந்தால் அங்கே ஈரம் புகும். பின்பலகை மெல்லியதாகத்தான் இருக்கும், ஆனால் அது காடியில் செருகப்பட்டிருக்க வேண்டும். சின்ன ஆணி மட்டும் அடித்திருந்தால் நிமிர்த்தும்போதே கழன்று கொள்ளும்.

பெட்டியில் பிரித்து வைத்த சாமானென்றால் கடையிலேயே திறந்து பலகைகளையும் பொருத்தும் பையையும் எண்ணுங்கள். தள்ளுபடிச் சரக்கில் அதிகம் காணாமல் போவது போல்ட்டும் அதன் உருளை நட்டும்தான். போல்ட்டு ஊர் வன்பொருள் கடையில் கிடைக்கும், அந்த உருளை நட்டு சுலபமாகக் கிடைக்காது.

பேரமும் ரசீதும்

"ஜுவாலான் குடாங்" (கிடங்கு விற்பனை), "பெங்காபிசான் ஸ்டோக்" (சரக்குத் தீர்ப்பு) என்று எழுதிய துணியைப் பார்த்து மயங்க வேண்டாம். கிடங்கு விற்பனை வருடம் முழுக்க நடக்கும் இடங்கள் உண்டு. அடித்துப்போட்ட பழைய விலையைப் பார்க்காமல் உங்கள் தாளில் உள்ள உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் பேரம் பேசாதீர்கள். வேண்டியதையெல்லாம் தேர்ந்துவிட்டு மொத்தமாகக் கேளுங்கள்: "செமுவா செக்காலி, போலே கூராங் பெராப்பா?" (எல்லாம் சேர்த்து எவ்வளவு குறைப்பீர்கள்?) விலை இறங்க மறுத்தால், "ஹந்தார் சம்பாய் ரூமா, பாசாங் செக்காலி" என்று கேளுங்கள். வீட்டில் இறக்கிப் பொருத்தித் தருவது 100 வெள்ளி தள்ளுபடியைவிட மேலானது.

தேர்ந்த சாமானின் அடியில் ஒட்டுத்தாள் ஒட்டி, மார்க்கரில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதைப் படம் எடுங்கள், தெரிந்த பழுதையும் அருகில் படம் எடுங்கள். "இதேதான் வர வேண்டும்" என்று தவுக்கேயிடம் காட்டுங்கள். ரசீதில் மாடல், நிறம், அளவு, பலகை வகை, கொண்டுவரும் தேதி, மாடிக் கூலி, பொருத்தும் கூலி, முன்பணம், பாக்கி எல்லாம் எழுத்தில் வர வேண்டும். முன்பணம் குறைவாகக் கொடுத்து, பாக்கியைச் சாமான் வீட்டுக்குள் வந்து பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள். தவணை என்று காட்டினால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் அதை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். பல சமயம் தள்ளுபடி முழுவதும் வட்டியில் போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்று சுவரில் எழுதுவதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. ஆனால் வாங்கும் முன் உங்களிடம் காட்டிச் சொன்ன பழுதுக்குப் பிறகு குறை சொல்ல முடியாது. ஆகவே "மேற்பலகையில் கீறல், வேறு பழுதில்லை" என்று ரசீதில் எழுதி வாங்குவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. வெறுமனே "ரிஜெக்ட்" என்று எழுதினால் கால் ஒடிந்தாலும் அதைக் காட்டுவார்கள். தகராறு முற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும், வக்கீல் வேண்டாம். ரசீதும் படமும் மட்டும் வேண்டும்.

லோரி

தவுக்கேயின் லோரி சிகாமட் பக்கம் போகும் நாளுக்குக் காத்திருக்க முடிந்தால் அதுதான் மலிவு. அவசரமென்றால் ஊரிலிருந்தே ஆள் பிடியுங்கள். போனில் தெளிவாகப் பேசிவிடுங்கள்: "அண்ணே, மூவார்ல இருந்து ஒரு சோபா, ஒரு அலமாரி, மேசை நாற்காலி ஆறு. ஒரு டன் லோரில அடங்குமா? கான்வாஸ் இருக்கா? தூக்க ஆள் ஒருத்தரா, ரெண்டு பேரா? வீட்டுக்குள்ள வெச்சுக் கொடுப்பீங்களா, வாசலோடயா?" கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள் அலமாரியை அண்டை வீட்டாரோடு சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள்.

ஏற்றும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கண்ணாடியும் மார்பிள் பலகையும் படுக்கக்கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். படுக்கவைத்தால் குழியில் லோரி குதிக்கும்போது நடுவில் விரியும். மெத்தையும் நின்றே வரட்டும். கயிறு அழுத்தும் ஒவ்வொரு மூலையிலும் அட்டை வையுங்கள். பிற்பகல் மழை பழகிய ஊர் இது, கான்வாஸ் இல்லாமல் சிப்போர்டை ஏற்றுவது வேண்டாம். காலையில் வாங்கி மதியத்துக்குள் கிளம்பினால் வெளிச்சத்தில் இறக்கலாம். திரும்பும் வழியில் தங்காக் துணிக்கடைகள் கண்ணைப் பறிக்கும். அங்கே இறங்குவதென்றால் லோரியை முன்னால் அனுப்பி, வீட்டில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

மைவி கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைப் பற்றி: காற்று அடியில் புகுந்தால் கயிறு தாங்காது.

இறக்கிய பிறகு

ஒட்டுத்தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு படத்தோடு ஒப்பிட்டு, புதிய அடி எதுவும் இருந்தால் விநியோகத் தாளில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பொருத்தும்போது எல்லாப் போல்ட்டையும் பாதி மட்டும் முறுக்கி, சட்டம் நேரானதும் கடைசியில் இறுக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் மற்ற ஓட்டைகள் நேருக்கு வராது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். கட்டில் முனகுவது அதோடு நின்றுவிடும்.

நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் பழக்கம் உண்டு. சிப்போர்ட் அலமாரியைக் கொல்வது அதுதான். வெள்ளிக்கு வெள்ளி கழுவினால் சில மாதத்தில் அடிப்பலகை ரொட்டி மாதிரி ஊதிவிடும். நிறுத்துவதற்கு முன்பே அடி விளிம்புகளில் வார்னிஷ் இரண்டு கை பூசி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர பிளாஸ்டிக் கால் போடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கரையான் ஏறும் கோடு கண்ணுக்குத் தெரியும். சிகாமட்டில் 2011லும் 2023 மார்ச்சிலும் வெள்ளம் ஏறிய தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள், கீழ்த் தளத்துக்குச் சிப்போர்ட் வாங்காமலே இருப்பது நல்லது. இரும்புக்கால் போட்ட முழு மரச் சாமானை வெள்ளம் வடிந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

மலிவாகக் கிடைத்த காட்சி அலமாரியைச் சாமி மேடையாக்குவது பல வீடுகளில் நடக்கிறது. செய்யலாம். விளக்கின் கீழே எவர்சில்வர் தட்டோ ஒரு டைல்ஸ் துண்டோ வையுங்கள். எண்ணெய் வழிந்தால் மெலமின் மேற்பூச்சின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிப் பலகை உப்பும். சுடருக்கு நேர் மேலே தட்டு இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். மேல்தட்டு கறுக்க ஆரம்பித்தாலே இடைவெளி போதவில்லை என்று பொருள். கண்ணாடிக் கதவை விளக்கு எரியும்போது மூடக்கூடாது.

மூன்று மாதம் ஆனதும் டார்ச்சை எடுத்து, ரப்பர் மரச் சாமான்களின் அடியில் ஒருமுறை பாருங்கள். தரையில் மாவு மாதிரித் தூள் குவிந்திருந்தால் அதைக் கூட்டிவிடாமல் முதலில் படம் எடுங்கள். பிறகு ரசீதைத் தேடி எடுத்துத் தவுக்கேக்குப் போன் போடுங்கள்.